வீட்டில் பிசிபி செய்வதும் பாகங்கள் வாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலெக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. பிசிபி என்பது டிராக் எனப்படும் செம்புத் தடங்களால் பாகங்களை இணைக்கும் சர்க்யூட் பலகை. பிரெட்போர்டில் ஒரு சர்க்யூட்டை ஓட வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று நிற்பவர்களே பெரும்பாலும் இந்தக் கேள்விகளைக் கேட்கிறார்கள்.

இணையத்தில் கோப்பை ஏற்றினால் பலகை வீட்டுக்கே வந்துவிடுகிறது. பிறகு ஏன் கையால் செய்ய வேண்டும்?

எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் டிராக் ஓடும் பலகை, கால்கள் நெருக்கமாக உள்ள சிப், ஒரே மாதிரி பத்துப் பலகை தேவைப்படும் வேலை ஆகியவற்றை வெளியில் கொடுப்பதே சரி. சீனாவின் ஜேஎல்சிபிசிபி, பிசிபிவே போன்ற நிறுவனங்களும், நம் நாட்டு நிறுவனங்கள் சிலவும் கெர்பர் கோப்பை (பலகையின் வரைபடம் அடங்கிய கோப்பு) வாங்கிக்கொண்டு, துளையும் பச்சைப் பூச்சும் முடித்து அனுப்பிவிடும். சீனாவிலிருந்து வரவழைத்தால் பலகையின் விலையைவிட அனுப்பும் செலவும் சுங்க வரியும் கூடுதலாகிவிடுவது வழக்கம். அதனால் இரண்டு மூன்று வடிவமைப்புகளைச் சேர்த்து அனுப்புவது கட்டுப்படியாகும்.

வீட்டு முறையின் பலம் வேகம். காலையில் வரைந்த ஒருபக்கப் பலகை மாலைக்குள் ஓடும். பிழை தெரிந்தால் மறுநாளே திருத்திய பலகை கையில் இருக்கும். ஒரு டைமர், ஒரு பவர் சப்ளை, ஒரு சென்சார் பலகை என்ற அளவிலான வேலைக்கு இரண்டு வாரம் காத்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இன்னொரு பலனும் உண்டு. டிராக் ஏன் இவ்வளவு அகலம், பேட் (பாகத்தின் கால் சால்டர் ஆகும் செம்பு வட்டம்) ஏன் இவ்வளவு பெரிது என்பதெல்லாம் தன் கையால் ஒரு பலகையை அரித்து எடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

230 வோல்ட் நேரடியாகப் பாயும் பலகையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். அந்தப் பகுதிக்கு நல்ல கம்பெனி அடாப்டர் ஒன்றை வாங்கி, அது தரும் 12 வோல்ட்டிலிருந்து உங்கள் வேலையைத் தொடங்குங்கள்.

ஜீரோ பிசிபி போதாதா?

பல சமயம் போதும். வரிசையாகத் துளைகள் மட்டும் போட்டு விற்கும் பொதுப் பலகைதான் ஜீரோ பிசிபி. ஒரு ஐசி, பத்துப் பதினைந்து பாகங்கள் என்றால் ஜீரோ பிசிபியில் கம்பி இழுத்து முடித்துவிடலாம். அதே சர்க்யூட்டை இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தால் பிசிபிக்கு மாறுங்கள்.

முதலில் பலகையை வரைவதா, பாகங்களை வாங்குவதா?

வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே சொல்வேன்: பாகம் கைக்கு வந்து, அதை அளந்து பார்த்த பிறகே பலகையை வரையுங்கள்.

மென்பொருளின் நூலகத்தில் இருக்கும் வடிவமும் கடையில் கிடைக்கும் பாகமும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பச்சை நிற ஸ்குரூ டெர்மினலையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் கால் இடைவெளி 5 மி.மீ., சிலவற்றில் 5.08 மி.மீ. இரண்டு கால் உள்ளதில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. எட்டுக் கால் உள்ளதில் கடைசிக் கால் அரை மி.மீ.க்கு மேல் விலகி நிற்கும், துளையில் இறங்காது. ரிலே, பிரீசெட், புஷ் பட்டன், டிசி ஜாக் எல்லாவற்றிலும் இதே தொல்லை உண்டு.

டிரான்சிஸ்டரில் தொல்லை வேறு விதம். பிசி547-இன் தட்டையான முகத்தை நம் பக்கம் திருப்பிக் கால்கள் கீழே இருக்குமாறு பிடித்தால், இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். பிளாஸ்டிக் உடலில் வரும் பிஎன்2222-இல் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர். குறைந்த மின்னோட்ட வேலைகளில் ஒன்றுக்கு மற்றொன்றைப் போடலாம். ஆனால் பலகையில் திருப்பிப் போட வேண்டும்.

வரைந்து முடித்ததும் ஒன்றுக்கு ஒன்று அளவில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, அதைத் தெர்மோகோல் மேல் வைத்துப் பாகங்களின் கால்களைக் குத்திப் பாருங்கள். சில நிமிட வேலைதான். தவறு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

ரிச்சி தெருவில் எப்படி வாங்குவது? புதிதாகப் போனால் யாரும் மதிப்பதில்லையே?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிறது ரிச்சி தெரு. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகலாம். நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களும் சேர்ந்ததுதான் சந்தை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

கடைக்காரர் மதிக்காமல் இருப்பதில்லை, அவருக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். ஒரே கவுண்டரில் பழுதுபார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், மொத்தமாக வாங்குபவர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். “ஒரு கப்பாசிட்டர் வேண்டும்” என்றால் அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். “1000 மைக்ரோ, 25 வோல்ட், ஐந்து” என்றால் கை தானாக டப்பாவுக்குப் போகும். ஆகவே பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ரெசிஸ்டருக்கு மதிப்பும் வாட்டும், கப்பாசிட்டருக்கு மதிப்பும் வோல்ட்டேஜும், ஐசிக்கு முழு எண்ணும், கனெக்டருக்குக் கால் இடைவெளியும் அதில் இருக்க வேண்டும். பழைய பாகம் கையில் இருந்தால் அதையே எடுத்துப்போய்க் காட்டுவது இன்னும் நல்லது.

கடைகளுக்குள் தனித்தனி வேலைப் பிரிவு உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் விற்பவரிடம் சிப் இருக்காது. சிப் விற்பவரிடம் டப்பாவும் கைப்பிடியும் இருக்காது. தன்னிடம் இல்லாததை எந்தக் கடையில் கேட்கலாம் என்று பலரும் வழிகாட்டுவார்கள். கேளுங்கள்.

“இது இல்லை, இதற்குப் பதில் இது வரும்” என்று மாற்றுப் பாகத்தை நீட்டினால், வாங்குவதற்கு முன் கைப்பேசியில் அதன் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளை, திறந்து பாருங்கள். ஐஆர்எஃப்இசட்44, ஐஆர்எல்இசட்44 என்ற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் பெயரில் ஓர் எழுத்துதான் வேறுபடும். ‘எல்’ என்ற எழுத்து உள்ளது, கேட் என்ற காலில் 5 வோல்ட் கொடுத்தாலே நன்றாகத் திறந்துகொள்ளும். ‘எஃப்’ உள்ளதற்கு 10 வோல்ட் அளவில் கொடுத்தால்தான் டேட்டாஷீட்டில் சொன்ன குறைந்த ரெசிஸ்டன்ஸ் வரும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்து மோட்டார் ஓட்ட நினைப்பவருக்கு இந்த ஓர் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் ஊரில் கடையே இல்லை. என்ன செய்வது?

டிவி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சாதாரண ரெசிஸ்டர், கப்பாசிட்டர், 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்) போன்றவை அவரிடம் இருக்கும். மற்றவற்றுக்கு இணையம்தான். மாட்யூல், ஆர்டுயினோ, சென்சார் போன்றவற்றை இந்திய இணையக் கடைகளில் வாங்கலாம். அளக்கும் கருவிக்கான ஆப்ஆம்ப், துல்லியமான ரெஃபரன்ஸ் போன்ற முக்கியமான ஐசிக்களை மவுசர், டிஜிகீ, எலிமென்ட்14 போன்ற அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர்களிடம் வாங்குவதே பாதுகாப்பு. விலை கூடும். ஆனால் வந்து சேர்வது அசல்.

அனுப்பும் செலவைப் பார்த்துத் தயங்குபவர்கள் நான்கைந்து நண்பர்களாகச் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

போலிப் பாகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். பொதுவான சந்தேகம் விலையில் தொடங்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தர் கேட்பதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு ஒரு சிப் கிடைக்கிறது என்றால் காரணம் இருக்கும்.

பழைய சிப்பின் முகத்தைத் தேய்த்து, கறுப்புப் பூச்சு அடித்து, புது எண் அச்சிடுவது நெடுங்காலமாக நடக்கிறது. பஞ்சில் அசிட்டோன் தொட்டு முகத்தைத் தேய்த்தால் அப்படிப்பட்ட பூச்சு சில சமயம் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். ஓரத்தில் இருக்கும் சிறு குழியில் பூச்சு தேங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். 2என்3055 பவர் டிரான்சிஸ்டரில் வேறு வகை மோசடி. 60 வோல்ட், 15 ஆம்பியர் தாங்க வேண்டிய பெரிய உலோக உடலுக்குள், சிறிய டிரான்சிஸ்டருக்குரிய சில்லை ஒட்டி விற்பார்கள். குறைந்த மின்னோட்டத்தில் அது நன்றாகவே வேலை செய்யும். சுமை ஏற்றினால் போய்விடும்.

ஆகவே சுமை ஏற்றிச் சோதிப்பதே நம்பத்தக்க வழி. 7805 வாங்கினால் ஹீட் சிங்க்கில் பொருத்தி, உள்ளே 9 வோல்ட் கொடுத்து, வெளியே 10 ஓம், 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டரைக் கட்டுங்கள். அரை ஆம்பியர் ஓடும். ரெகுலேட்டரில் 2 வாட் சூடு எழும். பத்து நிமிடம் கழித்தும் வெளியீடு 4.8-க்கும் 5.2-க்கும் இடையில் நின்றால் அதை நம்பலாம். எலெக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரைக் குறைந்தபட்சம் மதிப்பாவது அளந்து பாருங்கள். பெரிய குப்பிக்குள் சிறிய கப்பாசிட்டரை ஒளித்து வைத்து விற்றதும் உண்டு. ரெசிஸ்டர், எல்இடி, 1என்4007 டையோடு போன்றவற்றுக்கு இவ்வளவு கவலை வேண்டாம்.

போலியால் வரும் சிக்கல் பிற்பாடும் வெடிக்கலாம். 2014-இல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர் ஒன்று போலி எஃப்டி232 யுஎஸ்பி சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கியது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த சாதனங்களைக் கணினி அடையாளம் காணாமல் போனது. தாங்கள் வாங்கியது போலி என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பழைய சாதனங்களிலிருந்து கழற்றிப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பழைய பிரிண்டரில் ஸ்டெப்பர் மோட்டார், கியர், சென்சார்; கணினி பவர் சப்ளையில் ஹீட் சிங்க், டொராய்டு, தடித்த கம்பி; சிஎஃப்எல் விளக்கில் உயர் வோல்ட்டேஜ் டிரான்சிஸ்டரும் கப்பாசிட்டரும் கிடைக்கும். எலெக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரை மட்டும் நான் மறுபடி பயன்படுத்துவதில்லை. வருடக்கணக்கில் சூட்டில் வெந்தவை அவை, புதியது சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எச்சரிக்கை: 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் பெரிய கப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம். ஸ்குரூ டிரைவரால் தீப்பொறி பறக்க ஷார்ட் செய்யாதீர்கள். சில ஆயிரம் ஓம், 5 வாட் ரெசிஸ்டரை நன்கு இன்சுலேஷன் உள்ள கம்பிகளில் கட்டி அதன் வழியே இறக்குங்கள். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

கையிருப்பில் என்ன வைத்திருக்கலாம்?

கால் வாட் ரெசிஸ்டரில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற இ12 வரிசை. முழு வரிசையும் வேண்டாம் என்றால் 10, 22, 47 மூன்றையும் ஒவ்வொரு பத்தின் மடங்கிலும் வைத்திருங்கள். 0.1 மைக்ரோ செராமிக் கப்பாசிட்டர் நூறு. அது எப்போதும் தீர்ந்துகொண்டே இருக்கும். டிரான்சிஸ்டரில் பிசி547, பிசி557; டையோடில் 1என்4007, 1என்4148; ஐசியில் 7805, 555, எல்எம்358; கூடவே ஐசி சாக்கெட்.

எந்த மென்பொருளில் வரைவது? டிராக் எவ்வளவு அகலம் வேண்டும்?

கிகேட். இலவசம், திறமூலம், எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. 1992-இல் பிரான்சில் ழான்-பியேர் ஷாரா தொடங்கியது. பிற்காலத்தில் ஐரோப்பாவின் சேர்ன் இயற்பியல் ஆய்வு மையமும் அதன் வளர்ச்சிக்குக் கைகொடுத்தது. இதைக் கற்றுக்கொள்ளச் செலவிடும் நேரம் வீணாகாது.

ஆனால் அதன் இயல்பான அளவுகள் தொழிற்சாலைக்கானவை. ஒரு அவுன்ஸ் செம்பில், அதாவது 35 மைக்ரான் தடிமனில், ஒரு ஆம்பியருக்கு 0.3 மி.மீ. அகலமே போதும் என்று கணக்கு சொல்லும். வீட்டில் அந்த அகலத்தில் டிராக் பாதியிலேயே அறுந்துபோகும். சிக்னலுக்கு 0.8, பவருக்கு 1.5 மி.மீ. அல்லது அதற்கு மேல், இடைவெளி குறைந்தது 0.5 என்று வையுங்கள். பேட்டின் விட்டம் 2 மி.மீ. ஆக இருந்தால் துளை கொஞ்சம் விலகினாலும் செம்பு மிஞ்சும். ஐசி கால்களுக்கு நடுவே டிராக் விடாதீர்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் வெட்டிப்போட்ட ரெசிஸ்டர் காலை ஜம்பராகப் போடுங்கள். காலியாக இருக்கும் இடத்தைக் கிரவுண்டாக நிரப்பிவிட்டால் கரைய வேண்டிய செம்பும் குறையும், கழிவும் குறையும்.

எந்தப் பலகை வாங்குவது?

1.6 மி.மீ. தடிமன், ஒருபக்கச் செம்பு, எஃப்ஆர்-4 கண்ணாடி இழைப் பலகை. பழுப்பு நிறப் பினாலிக் பலகை மலிவு, துளைக்கவும் எளிது. ஆனால் சூடு கூடினால் பேட் பெயர்ந்துவிடும். எஃப்ஆர்-4 பலகையை அறுக்கும்போது வரும் தூள் கண்ணாடி இழை. முகக்கவசம் அணிந்து, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள்.

டோனர் முறையில் எனக்குப் படம் சரியாக ஒட்டுவதே இல்லை. ஏன்?

டோனர் என்பது லேசர் பிரிண்டரில் உள்ள பிளாஸ்டிக் தூள். டிராக் படத்தைத் தாளில் அச்சிட்டு, அதைச் செம்பின் மேல் கவிழ்த்து இஸ்திரி போடுகிறோம். சூட்டில் உருகித் தாளை விட்டுச் செம்பில் ஒட்டுவதே இந்த முறையின் சாரம். இங்க்ஜெட் மை இதற்கு உதவாது. லேசர் பிரிண்டர் வேண்டும். வீட்டில் இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடையில் பிடிஎஃப் கோப்பைக் கொடுத்து, அளவு 100 விழுக்காடு, டோனர் சேமிப்பு வேண்டாம் என்று சொல்லி எடுங்கள். வழவழப்பான தாள் வேண்டும். இதற்கென்று விற்கும் மஞ்சள் நிற டிரான்ஸ்ஃபர் தாள் மிக வசதி.

ஒட்டாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் செம்பின் மேலுள்ள எண்ணெய்ப்பசை. நைசான நீர் உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்து, சோப்பு போட்டுக் கழுவி, அசிட்டோனால் துடைத்த பிறகு விரல் படவே கூடாது. கழுவிய தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் செம்பு முழுவதும் படலமாகப் பரவி நின்றால் சுத்தம் என்று அர்த்தம். இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் பருத்திக்குரிய சூட்டில் வைத்து, முதல் அரை நிமிடம் அசைக்காமல் அழுத்துங்கள். பிறகு நுனியால் ஓரங்களை ஒவ்வொன்றாகத் தேயுங்கள். ஓரங்கள்தான் எப்போதும் விட்டுப்போகும். லாமினேட்டர் இருந்தால் சூடு சீராகப் பரவும். பலகை ஆறியதும் தண்ணீரில் ஊறவைத்து, தாளைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுங்கள். உரிக்காதீர்கள். அறுந்த இடத்தை எண்ணெய் மார்க்கரால் நிரப்பலாம்.

படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி அச்சிட வேண்டுமா?

அடிப்பக்கச் செம்பு என்றால் வேண்டாம். மென்பொருள் அதைப் பலகையின் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பது போலக் காட்டுகிறது; தாளைக் கவிழ்த்து ஒட்டும்போது அது தானாகத் திரும்பிவிடும். மேல்பக்கச் செம்பு என்றால் திருப்ப வேண்டும். குழம்பாமல் இருக்க, செம்பு அடுக்கில் ஒரு சொல்லை எழுதிவையுங்கள். தாளில் அது கண்ணாடி பிம்பமாகத் தெரிந்தால் பலகையில் நேராக வரும்.

ஃபெரிக் குளோரைடில் எவ்வளவு நேரம் போட வேண்டும்?

டோனர் மூடாத செம்பைக் கரைத்து எடுப்பதுதான் ஃபெரிக் குளோரைடின் வேலை. நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. பலகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டியாக வாங்கினால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 400 முதல் 500 கிராம். தண்ணீரில்தான் கட்டியைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கரையும்போது நன்றாகச் சூடேறும். கையுறை, கண்ணாடி அவசியம். பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரம் மட்டும், எவர்சில்வரையும் அரித்துவிடும். துணியிலோ தரை ஓட்டிலோ பட்டால் அந்தப் பழுப்புக் கறை போகாது.

பலகையைச் சில வினாடி முக்கி எடுத்து முதலில் பாருங்கள். திறந்திருக்கும் செம்பு முழுவதும் மங்கிய இளஞ்சிவப்பாக மாறியிருக்கும். எங்காவது இன்னும் பளபளப்பாக இருந்தால் அங்கே தாளின் பசையோ டோனர் படலமோ ஒட்டியிருக்கிறது. கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து மறுபடி போடுங்கள். இந்த ஒரு சோதனை பல பலகைகளைக் காப்பாற்றும். பிறகு செம்புப் பக்கம் கீழே இருக்கும்படி மிதக்க விட்டால் கரைந்த செம்பு கீழே இறங்கிவிடும், வேலை வேகமாகும். அடியில் காற்றுக்குமிழி சிக்கினால் அந்த இடத்தில் செம்புத் தீவு நிற்கும். அடிக்கடி தூக்கிப் பாருங்கள். பாத்திரத்தைச் சுடுதண்ணீர்த் தட்டில் வைத்து 40 முதல் 50 டிகிரி வரை சூடாக்கினால் கால் மணி நேரத்தில் முடியலாம். ஆறிய, பழைய கரைசல் முக்கால் மணிகூட எடுக்கும். எஃப்ஆர்-4 பலகையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் செம்பு போன இடம் ஒளி ஊடுருவித் தெரியும்.

ஆசிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து செய்யலாமா?

வேகமானது, ஆனால் வீட்டுக்குள் வேண்டாம். எழும் ஆவி மூச்சை அடைக்கும், அறையிலுள்ள கருவிகளைத் துருப்பிடிக்க வைக்கும். கலந்ததை இறுக மூடி வைத்தால் வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கலாம்.

வேலை முடிந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?

கூடாது. இதை யாருக்காகவும் தளர்த்திச் சொல்ல மாட்டேன். கரைசலில் இருப்பது கரைந்த செம்பு. மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் அது மிகக் குறைந்த அளவிலேயே நஞ்சு; கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நுண்ணுயிர்களையும் கொல்லும். நம் ஊர்களில் பாதிச் சாக்கடை ஏரியிலோ ஆற்றிலோதான் போய்ச் சேருகிறது.

முதலில், ஒரு முறை பயன்படுத்தியதும் கொட்டிவிடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அதே கரைசலில் பல பலகைகள் செய்யலாம். அரிப்பது மிகவும் மெதுவாகும்போதுதான் அதன் ஆயுள் முடிகிறது.

அதன் பிறகு பெரிய பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நுரைத்துப் பொங்கும்; அவசரப்பட்டால் வழிந்துவிடும். பொங்குவது நின்று, சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறும் வரை போட்டால் இரும்பும் செம்பும் சேறாகப் படியும். இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். மேலே நிற்கும் நீரில் நீல நிறம் தெரிந்தால் செம்பு இன்னும் மிச்சம் இருக்கிறது. இன்னும் சோடா வேண்டும். தெளிந்த பிறகு துணியில் வடிகட்டி, சேற்றை உலர்த்தி, மூடிய டப்பாவில் “செம்புக் கழிவு” என்று எழுதி வையுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் கழிவைத் தனிப் பிரிவாக வைத்தன. இதையும் வீட்டு அபாயக் கழிவாகவே கொடுக்க வேண்டும். உங்கள் பகுதியில் அதற்கான சேகரிப்பு இல்லை என்றால் வேதியியல் ஆய்வகம் உள்ள கல்லூரியையோ, பிசிபி தயாரிக்கும் சிறு தொழிற்கூடத்தையோ கேட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு டப்பாகூட நிறையாது. பத்திரமாக வைத்திருப்பதில் சிரமம் இல்லை.

துளை போட என்ன பிட்?

ரெசிஸ்டர், ஐசி கால்களுக்கு 0.8 மி.மீ.; 1என்4007, பின் ஹெடர், டெர்மினல் போன்றவற்றுக்கு 1 மி.மீ. அல்லது கொஞ்சம் கூடுதல். ஸ்குரூவுக்கு 3 மி.மீ. கார்பைடு பிட் எளிதில் கூர்மை மங்காது, ஆனால் கை ஆடினால் ஒடியும். ஸ்டாண்டில் மாட்டினால் மட்டுமே அதை வாங்குங்கள். பேட்டின் நடுவில் ஒரு சிறு வட்டத்தைச் செம்பில்லாமல் விட்டு வரைந்தால் பிட் அந்தக் குழியில் தானாக உட்காரும்.

சால்டரிங்குக்கு?

25 வாட் அயர்ன், ரோசின் உள்ளே வைத்த 60/40 ஈயம், அதாவது 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்தது. 63/37 கிடைத்தால் இன்னும் நல்லது. 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

பலகை பளபளப்பு போய்க் கறுத்துவிடுகிறதே?

செம்பு காற்றில் கறுக்கத்தான் செய்யும். டோனரை அசிட்டோனால் துடைத்து, துளை போட்ட உடனேயே, ரோசினை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து மெல்லிய பூச்சாகத் தடவிவிடுங்கள். செம்பையும் காக்கும், சால்டரிங் செய்யும்போது ஃபிளக்ஸாகவும் வேலை செய்யும். பாகங்கள் எல்லாம் ஏறிச் சோதித்து முடிந்ததும் டிராக் பக்கத்துக்கு அக்ரிலிக் லாக்கர் ஒரு பூச்சு அடித்தால் போதும். பிரீசெட்டுக்குள்ளும் கனெக்டருக்குள்ளும் லாக்கர் போகாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.